தகவல்: கடைக்காரரின் அக்கா

அக்காவுக்குப் பிடிக்காத படத்தோடு ஸ்காபரோவில் எந்தத் தமிழரும் செத்துவிட முடியாது. எங்கள் வாரப் பத்திரிகையில் மரண அறிவித்தல் பக்கங்களை வடிவமைத்தவர் அவர்தான். தமிழ்க் கடை வாசல்களில் வெள்ளி காலையில் அடுக்கிவைக்கிற இலவசப் பத்திரிகை அது. மத்தியானத்துக்குள் ஒன்றும் மிஞ்சாது. சனம் அள்ளிக்கொண்டு போவது நான் எழுதும் செய்திகளுக்காக அல்ல என்பது வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் கிழமையே எனக்கு விளங்கிவிட்டது. எல்லோரும் முதலில் நடுப்பக்கத்தைத்தான் விரிப்பார்கள். ஆர் போனது, எந்த ஊர், ஆருடைய மாமன் என்று பார்த்துவிட்டு, மிச்சத்தை மரக்கறி சுற்ற வைத்துக்கொள்வார்கள்.

அறிவித்தல் கொடுக்க வருகிறவர்கள் கைக்கு அகப்பட்ட படத்தோடு வருவார்கள். பெரும்பாலும் கடவுச்சீட்டுப் படம். அக்கா அதைக் கணினியில் ஏற்றி, முகம் திரை முழுக்க வரும்வரை பெருப்பிப்பார். யாராவது அவசரப்படுத்தினால், "கொஞ்சம் பொறுங்கோ, ஆளைப் பாத்திட்டு வாறன்" என்பார். பார்த்து முடித்தபின் தீர்ப்பு வரும்.

"உந்தப் படத்திலை உங்கடை அப்பா இமிகிரேசன் ஒபிசரைப் பாக்கிற மாதிரிப் பாக்கிறார். உங்களைப் பாக்கிற மாதிரி ஒண்டு கொண்டுவாங்கோ."

அழுதழுது வந்த மகன் திரும்பவும் மில்லிக்கனில் இருக்கிற வீட்டுக்குக் கார் ஓடிப்போய் அல்பத்தைத் தூக்கிக்கொண்டு வருவான். ஒருவரும் அவரோடு சண்டை பிடித்ததில்லை. அந்தக் குரலில் இரக்கம் என்று பெரிதாக ஒன்றும் இராது. பல் வைத்தியர் வாயைத் திறக்கச் சொல்வதுபோலத்தான் இருக்கும்.

சேட்டோடு நிற்கும் ஆண்களுக்குக் கணினியில் கோட் போட்டுவிடுவதும் அவருடைய வேலை. அவரிடம் கைவசம் ஒரே ஒரு நீலக் கோட்தான் இருந்தது. ஒரு மாசி மாதக் கிழமையில் நான்கு பேர் அதே கோட்டோடு, அதே கழுத்து ரையோடு ஒரே பக்கத்தில் வந்துவிட்டார்கள். அஜக்ஸிலிருந்து ஒருவர் போன் எடுத்து, இந்த நான்கு பேரும் ஒரே கொம்பனியில் வேலை செய்தவர்களா என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. அடுத்த கிழமை கறுப்பு, சாம்பல், மண்ணிறம் என்று மூன்று புதுக் கோட் தேடி வைத்துவிட்டார்.

அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். யாழ்ப்பாணத்தில் தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்து, தான் முதலில் இங்கே வந்து, பிறகு அவனையும் எடுப்பித்தவர். கலியாணம் கட்டவில்லை. தம்பி கட்டி, இரண்டு பிள்ளைகளும் பெற்று, ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில் சின்னக் கடை நடத்தினார். அக்கா தம்பி வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ரில் இருந்தார். அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் முகம் கொஞ்சம் இளகும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் நான் ஆங்கிலப் பத்திரிகைகளில் நீதிமன்றச் செய்திகளை வாசிப்பேன், மொழிபெயர்த்துப் போட ஏதாவது அகப்படும் என்று. அக்கா எட்டிப் படத்தை மட்டும் பார்ப்பார். எங்கள் பெடியன்கள் குழு குழுவாக அடிபட்டுக்கொண்டிருந்த காலத்திலிருந்தே அவருக்கு அந்தப் பழக்கம்.

"வெள்ளைப் பெடியன் ஒருத்தனைச் சுட்டால் அவனுக்குப் பட்டமளிப்புப் படம். எங்கடை பெடியன், கறுப்புப் பெடியன் எண்டால் பொலிஸ் எடுத்த படம். செத்தது அவனெண்டாலும் அந்தப் படம்தான்."

"வேறை படம் கிடைச்சிராதெல்லே அக்கா," என்றேன்.

"தாய்க்காரியிட்டைக் கேட்டவையோ?"

இதை வைத்து அவரைப் பெரிய மனசுக்காரி என்று நினைத்தால் அது பிழை. ஒருநாள் இருவரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போனோம். மூன்று கறுப்பின இளைஞர்கள் ஏறி எங்களுக்குப் பக்கத்தில் நின்றார்கள். அக்காவின் கை தன் பாட்டில் போய்க் கைப்பையை மடிக்கு இழுத்தது. நான் கண்டேன். நான் கண்டதை அவரும் கண்டார்.

"ஓம், இழுக்கிறன்தான்," என்றார் அவர்கள் இறங்கிய பிறகு. "கை தானாப் போகுது. அதுக்காக அவனுக்குக் கூடாத படம் போடச் சொல்லுறீரோ?"

நான் எழுத வந்தது அந்தக் கடை விஷயம். அது நடந்தது ஒரு பங்குனி மாதம், பகல் இரண்டு மணிக்கு. முப்பத்தைந்து வயதுக் கறுப்பின மனிதர் ஒருவர், அந்தப் பிளாசாவுக்குப் பின்னால் உள்ள தொடர்மாடியில் குடியிருந்தவர், முதல் நாள் வாங்கிய பால் புளித்துவிட்டதென்று திருப்பிக் கொடுக்க அக்காவின் தம்பி கடைக்குப் போனார். இடது கையில் சின்னத் தலையணை அளவில் நாலு லீட்டர் பால் பை. வாக்குவாதம் ஒன்று வந்தது. அந்த மனிதர் வலது கையை ஜாக்கெட்டின் உள்பக்கம் விட்டார். தம்பி கதவடியில் சாத்தியிருந்த, வாசலில் உறைந்த பனியை உடைக்கும் நீட்டுப் பிடி இரும்பை எடுத்து ஒரு அடி அடித்தார். ஒரே ஒரு அடி. அந்த மனிதர் இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ஜாக்கெட்டின் உள்ளே இருந்தது பால் வாங்கிய ரசீது.

தம்பி கடையில் முன்னர் இரண்டு தரம் கொள்ளை நடந்திருந்தது. ஒருமுறை கழுத்தில் கத்தி வைத்தார்கள். அந்தக் கத்திக்காரன் வெள்ளையன் என்பதை, எங்கள் பத்திரிகை உட்பட, எவரும் எழுதவில்லை.

தம்பியைக் கைதுசெய்து, கொல்லும் எண்ணமில்லாமல் உயிர் போகக் காரணமானார் என்று குற்றம் சாட்டி, பிணையில் விட்டார்கள். ஆங்கிலத் தொலைக்காட்சிகள் இரண்டாகப் பிரிந்தன. ஒரு பக்கத்துக்குத் தம்பி கடையைக் காத்த வீரன். மறுபக்கத்துக்குச் சட்டத்தைக் கையில் எடுத்தவன். இரண்டு பக்கமும் காட்டிய இறந்தவரின் படம் மட்டும் ஒன்றே: பத்து வருடத்துக்கு முன் ஏதோ சின்னக் குற்றத்துக்காகப் பொலிஸ் எடுத்தது. கண் சிவந்து, நாடி நிமிர்ந்து இருந்தது.

எங்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நாங்கள் ஒரே பக்கம். முதல் பக்கத் தலைப்பை நான்தான் எழுதினேன்: "உயிர் காக்கப் போராடிய தமிழ்க் கடைக்காரர்." பத்திரிகை ஆசிரியர், தம்பி புது வீடு குடிபுகுந்த அன்று பட்டும் வேட்டியுமாகக் குடும்பத்தோடு எடுத்த படத்தைப் பெரிதாகவும், அந்தப் பொலிஸ் படத்தைக் கீழே பெட்டிக்குள்ளும் போடச் சொன்னார். முதல் பக்கம் வடிவமைப்பதும் அக்காதான்.

அக்கா தம்பியின் படத்தை வைத்தார். மற்றப் பெட்டியை வெறுமையாக விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"உந்தப் படத்தை நான் போடமாட்டன் அண்ணை."

"தங்கச்சி, அவன் உன்ரை தம்பியைக் குத்த வந்தவன்!"

"தம்பி பயந்திருப்பான், அது எனக்குத் தெரியும். உது வேறை. செத்த ஆளுக்கு நான் உப்பிடிப் படம் போட்டுப் பழக்கமில்லை."

"தம்பி மறியற்சாலைக்குப் போனால் உன்ரை பழக்கம் வந்து மீட்டுத் தருமோ?"

கடைசியில் ஆசிரியரே உட்கார்ந்து பெட்டிக்குள் படத்தைத் தள்ளினார். கொஞ்சம் சரிந்துபோய்த்தான் அச்சாகியது. எனக்கு அக்காவில் எரிச்சலாக இருந்தது. அவருடைய சொந்தத் தம்பிக்காகத்தானே நாங்கள் எல்லோரும் மாய்கிறோம் என்று நினைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து, "நீர் கார் கொண்டுவாரும், ஒரு இடம் போகவேணும்" என்றார். எங்கே என்று ஏறிய பிறகுதான் சொன்னார். இறந்தவரின் தாய் வீட்டுக்கு. காரைத் திருப்பிக்கொண்டு போயிருப்பேன், ஆனால் அக்காவோடு காருக்குள் வாக்குவாதப்படுவது என்னால் ஆகாத காரியம்.

கதவைத் திறந்தவர் சின்ன உருவம். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர்களின் சீருடை, வேலைக்கு வெளிக்கிட்டு நின்றார். அக்கா தன் ஆங்கிலத்தில், ஒப்புவிப்பதுபோலச் சொன்னார்: "நான் கடைக்காரரின் அக்கா. எங்கள் பத்திரிகையில் படம் போடுவது என் வேலை. உங்கள் மகனுக்குப் பிழையான படம் போட்டுவிட்டோம். நல்ல படம் ஒன்று வேண்டும்."

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"உன் தம்பி அனுப்பினானா?" என்று கேட்டார் அந்தத் தாய்.

"இல்லை. அவனுக்குத் தெரியாது."

"வக்கீல் அனுப்பினாரா?"

"இல்லை."

கதவு சாத்தப்பட்டது. அடித்துச் சாத்தவில்லை, சாதாரணமாகத்தான். காருக்குள் வந்து அக்கா சொன்னார், "தாறனெண்டு சொல்லேல்லை. தரமாட்டனெண்டும் சொல்லேல்லை."

ஏழாம் நாள் பத்திரிகைக் கந்தோருக்கு ஒரு தபால் வந்தது. கடிதம் இல்லை, படம் மட்டும். யாருடையதோ பிறந்தநாளில் அந்த மனிதர் கேக் தட்டை ஏந்திக்கொண்டு, படம் எடுப்பவர் என்னவோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரிக்கிறார். ஒரு கண் பாதி மூடியிருந்தது. அக்கா பெருப்பித்துப் பெருப்பித்து, தேத்தண்ணி ஆறும்வரை பார்த்தார். வண்ணத்தைத் திருத்தவில்லை, பின்னணியை வெட்டவில்லை. கோட்டும் போடவில்லை.

எங்கள் பத்திரிகையில் ஒரு இரும்புச் சட்டம் உண்டு. மரண அறிவித்தலோ, முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலியோ, அடியில் "தகவல்" என்று போட்டு அதைக் கொடுத்தவர் யாரென்று எழுதாமல் அச்சுக்குப் போகாது. ஒருமுறை ஒரு மருமகன் உயிரோடிருந்த மாமனாரைச் சாகடித்து விளம்பரம் கொடுத்து, மாமனார் நேரில் வந்து நின்று சத்தம் போட்ட பிறகு ஆசிரியர் போட்ட சட்டம் அது. நடுப்பக்கத்தை அக்கா முடித்தால் வேறு எவரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

முப்பத்தோராம் நாள் வந்த வெள்ளிக்கிழமை, புங்குடுதீவு ஆச்சி ஒருவருக்கும் மானிப்பாய் வாத்தியார் ஒருவருக்கும் நடுவில், அதே அளவுப் பெட்டியில், கேக் தட்டோடு அந்த மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். தமிழ் எழுத்தில் அவர் பெயர். பிறந்த நாள், இறந்த நாள். வழக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடியில், "தகவல்: கடைக்காரரின் அக்கா."

பத்து மணிக்குத் தொடங்கிய போன் பின்னேரம்வரை அடித்தது. தம்பியின் வக்கீலுக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, இது குடும்பமே குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி என்று அவர் குதித்தார். இந்தச் சிரித்த முகம் ஜூரிகளின் மனதில் ஏறினால் தம்பிக்கு எத்தனை வருடம் கூடுதலாகக் கிடைக்கும் தெரியுமா என்று கேட்டார். அது வெறும் வெருட்டு என்று சொல்ல முடியாது.

"படத்தைப் போட்டது போட்டாய்," என்றார் ஆசிரியர். "கடைசி வரியை ஏன் போட்டனி?"

"தகவல் இல்லாமல் போடுறேல்லை எண்டு சட்டம் வைச்சது நீங்கள்தானே அண்ணை."

ஆசிரியருக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. பிறகு, வழக்கு முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தக் கிழமையே தம்பியின் மனைவி அக்காவின் சாமான்களைக் கட்டிக் கராஜில் வைத்துவிட்டார். ஏற்றப் போனது நான். தம்பி பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து என் காரில் வைத்தார். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் மேல் ஜன்னலில் நின்றார்கள். அன்றைக்குத்தான் எனக்கு அக்காவை நினைத்து மனம் கனத்தது.

ஆங்கிலத் தொலைக்காட்சிக்காரர் அவருடைய புது இருப்பிடத்தைத் தேடிப் பிடித்து வந்தார்கள். இனவாதித் தம்பியைக் காட்டிக்கொடுக்கும் அக்கா ஒரு கூட்டத்துக்கு வேண்டும். மன்னிப்புக் கேட்டுக் கண்ணீர்விடும் அக்கா மற்றக் கூட்டத்துக்கு. அவர் இரண்டுக்கும் சரிவரவில்லை. கேட்ட எல்லாருக்கும் கேக் தட்டுப் படத்தின் ஒரு பிரதியை நீட்டி, "இதைப் போடுங்கள்" என்று மட்டும் சொன்னார். அன்று இரவுச் செய்தியில் வந்தது அக்காவின் படம்தான்: இரண்டு கையிலும் லீக்ஸ் கட்டும் அரிசிப் பையும், வாய் ஆவென்று திறந்தபடி.

"வாயை மூடினாப் பிறகு எடுத்திருக்கலாம்," என்றார் என்னிடம். அதைப் பற்றி அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொன்றாக எல்லாப் பத்திரிகைகளும் கேக் தட்டுப் படத்துக்கு மாறின. எங்களுடையதைத் தவிர.

வழக்கு இரண்டு வருடம் கழித்து வந்தது. ஜூரிகளைத் தெரிவுசெய்யும்போது ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள்: இறந்தவர் கறுப்பினத்தவர், குற்றம் சாட்டப்பட்டவர் தமிழர், இது உங்கள் முடிவைப் பாதிக்குமா? பாதிக்காது என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். எல்லோருக்கும் எவ்வளவு சுத்தமான மனசு என்று நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் பிறகு வெட்டினேன்.

இந்த நாட்டில் தற்பாதுகாப்பு என்றால் மூன்று கேள்வி. ஆபத்து என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்ததா? தன்னைக் காக்கத்தான் அடித்தாரா? செய்தது அந்த நிலைமைக்கு நியாயமானதா? மூன்றும் கடைசியில் பால் பையில் வந்து நின்றன. கடையின் கமரா அந்த மனிதரின் முதுகைத்தான் காட்டியது, வாக்குவாதத்தின் சத்தம் அதில் பதியவில்லை. பால் பையைத் தம்பி கண்டிருந்தால், வந்தவர் சாமான் திருப்பிக் கொடுக்க வந்தவர் என்று தெரிந்திருக்கும். ஜாக்கெட்டுக்குள் போன கை கத்திக்குப் போனது என்று நம்ப இடமில்லை. காணவில்லை என்றால் கதை வேறு.

"பாலைக் கண்டீரா?" என்று அரசுத் தரப்பு வக்கீல் கேட்டார்.

"காணேல்லை. காசைத் தா எண்டு கத்தினது கேட்டது, கையை மட்டும்தான் கண்டனான்," என்றார் தம்பி.

அக்கா ஒவ்வொரு நாளும் வந்து கடைசி வரிசை வாங்கில், எந்தக் குடும்பத்தின் பக்கமும் சேராமல், இருந்தார். இரண்டு குடும்பமும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. மொன்றியலுக்குப் போய்விட்டதாக ஒருவர் சொன்னார். நானும் பத்திரிகையை விட்டு, அஜக்ஸில் வீடு வாங்கி, காப்புறுதி விற்கிறேன். அவரை நான் கடைசியாகப் பார்த்தது தீர்ப்பு வந்த அன்று.

குற்றவாளி அல்ல என்று ஜூரிகள் பன்னிரண்டு பேரும் சொன்னார்கள். தம்பியின் மனைவி ஓவென்று அழுதார். வெளியே நடையில் சொந்தக்காரர் தம்பியைக் கட்டிப்பிடித்துத் தள்ளாட்டினார்கள். கமராக்காரர் கீழே வாசலில் காத்திருந்தார்கள். தம்பி ஒவ்வொருவராக விலக்கிக்கொண்டு நடையோரம் அக்கா இருந்த வாங்கடிக்கு வந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அக்கா, விட்டிட்டாங்கள்."

"கேட்டனான்."

"வீட்டை வா. அவளும் வரச் சொல்லுறாள்."

அக்கா அவருடைய கையைப் பிடித்து வைத்துக்கொண்டு முகத்தையே பார்த்தார். பிறகு சின்னக் குரலில் கேட்டார், "பாலைக் கண்டனியோ?"

தம்பி என்னைப் பார்த்தார். நான் எழும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

"கண்டனான்," என்றார். "கதவைத் திறந்து வரேக்கையே கண்டனான். கண்டும் பயந்தனான் அக்கா. அதை ஆருக்கு விளங்கப்படுத்துறது?"

"லோயர் சொல்லித் தந்தவரோ?"

"இல்லை. நானாத்தான் சொன்னனான்."

அக்கா கையை விட்டார். "கீழை போ. பிள்ளையள் பாத்துக்கொண்டு நிக்குங்கள்," என்றார். தம்பி போனார்.

பொய்ச் சத்தியம் தனிக் குற்றம். அதற்கு இன்னொரு வழக்கு வரலாம். அது எனக்குத் தெரிந்திருந்தது. குறிப்புப் புத்தகத்தை மூடிவிட்டேன். எங்கள் ஆள் தப்பிவிட்டார் என்ற நிம்மதியும் அந்த நிம்மதிக்காக ஒரு வெட்கமும் ஒன்றாகத்தான் வந்தன. அக்கா எழும்பினார். எங்கே போகிறார் என்று தெரிந்ததும் பின்னால் போய், "அக்கா, வேண்டாம். தம்பியைத் திருப்பி உள்ளை அனுப்பப் போறீங்களோ?" என்றேன். அவர் நிற்கவில்லை.

நடையின் மறு கோடியில் அந்தத் தாய் தனியாக நின்று கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா அவருக்கு முன்னால் போய் நின்று, அன்றைக்குக் கதவடியில் பேசியது போலவே ஆங்கிலத்தில் சொன்னார்: "என் தம்பி பாலைக் கண்டிருக்கிறான். இப்போதுதான் என்னிடம் சொன்னான்."

அந்தத் தாயின் விரல் பொத்தானில் நின்றது. கோபமும் இல்லை, அதிர்ச்சியும் இல்லை. மிச்சப் பொத்தானையும் போட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"நாலு லீட்டர் பை அது," என்றார். "அந்தப் பன்னிரண்டு பேருக்கும் தெரியும்."